பெட்டிக்குக் கீழே நிற்பவர்

தம்பி,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கோபம் ஆறட்டும் என்று விட்டுப் பிடித்தால், என் நம்பரையே ப்ளாக் செய்துவிட்டாய். அப்பா நம்பரும் போகவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி ஆண்ட்டியிடம் போனை வாங்கிக் கூப்பிட்டேன். நான் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். சரி, இருக்கட்டும். தபால்காரரை நீ ப்ளாக் செய்ய முடியாதல்லவா? அதனால்தான் அபர்டீன் பஜாருக்குப் போய் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர், "ஆஜ்கல் லெட்டர் கௌன் லிக்தா ஹை, ஆண்ட்டி? கோர்ட்டுக்கா?" என்று, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பது போலச் சிரித்தார். மகனுக்கு என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் தாள் சேர்த்து வைத்துக் கொடுத்தார். பாதியில் கிழித்துப் போடாதே. முழுக்கப் படி. உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதற்காகவாவது படி.

முதலில் நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். நீ இந்தத் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டில், கொங்குப் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில், புதிதாகத் திறந்திருக்கிற ரயில் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுகிறாய். உனக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது. அது திரும்பி வந்திருக்கிறது. வரவில்லை என்று நீ சாதிக்கிறாய். நான் உன் மேனேஜருக்கே போன் போட்டு, "என் பையனை மேல ஏத்தாதீங்க சார்" என்று சொன்னேன். பெற்ற மகன் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்று நீ என்னைச் சொன்னாய். மேனேஜரிடம் சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீ திட்டியதில் எனக்குக் கோபமும் இல்லை. எனக்கு இருப்பது பயம். வெறும் பயம்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்காது. சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையிலிருந்து அக்கரையில் இருக்கும் பாம்பூ ஃப்ளாட்டுக்கு ஃபெர்ரியில் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது உனக்கு. கையில் குச்சி ஐஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் வழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன், "நக்குடா, நக்குடா, கொட்டுது பாரு" என்று. நீ திரும்பவே இல்லை. இந்தத் தீவில் ஒரு பிள்ளை அசையாமல் நின்றால், கடலைப் பார்க்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு ராஞ்சிக்காரம்மா எழுந்து வந்து உன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தீதி, தும்ஹாரா பச்சா ஆங்க் கோல்கே ஸோ ரஹா ஹை" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறான் என்று. அப்போதுதான் உன்னைச் சரியாகப் பார்த்தேன். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு கை சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. உள்ளே ஆள் இல்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு ஐஸ் குச்சியைப் பார்த்து, "அம்மா, என் ஐஸ் யாரு தின்னா?" என்று அழுதாய். நடுவில் ஒரு நேரம் போனதே உனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கப்பலேறிச் சென்னை. பெரிய டாக்டர். கீழே விழுந்து கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்காதீர்கள், இப்படி நின்றுபோவதும் வலிப்புதான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வருஷா வருஷம் கப்பல், வருஷா வருஷம் சென்னை. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் நீ வாந்தி எடுத்த மாத்திரையை மறுபடி கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உன் அப்பாவும் நானும் பங்க் கட்டிலில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். பிறகு நின்றது. பல வருஷம் வரவே இல்லை. டாக்டரே பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: தூக்கம் கெட்டால் திரும்ப வரலாம், ஜாக்கிரதை. நீ அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

நீ கிரேன் கற்றுக்கொண்டது ஹேடோ ஜெட்டியில். கேஷுவலாகச் சேர்ந்து, இன்றைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லை என்று வருஷக்கணக்காக அலைந்தாய். பகல் வேலைதான், நன்றாகத் தூங்கினாய், எனக்குப் பயம் இருக்கவில்லை. அப்புறம் இந்த முனையத்துக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டாய். ரயிலில் வரும் பெட்டியை லாரிக்கும் லாரியில் வரும் பெட்டியை ரயிலுக்கும் மாற்றுகிற இடம். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தட்டையும் டம்ளரையும் தரையில் வைத்து நீ விளக்கிக் காட்டினாயே! "இது ரயில்ப்பா, இது லாரி, நடுவுல நான். நம்ம ஊருக்கு வர்ற சிமெண்டு, அரிசி எல்லாம் இனிமே நான் தூக்கிவிட்டாத்தான் இங்க வரும்" என்றாய். அப்பா, "முதல்ல தட்டைக் குடுடா, நான் திங்கணும்" என்றார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு! மெடிக்கலில் பழைய வியாதி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன், இப்ப இல்லைதானே அம்மா என்று போனில் சொன்னாய். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஷிப்டு வேலை, ராத்திரியும் ஏற வேண்டும் என்பதை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? உன்னைக் கட்டிப் போட்டிருப்பேனா?

திறப்பு விழாவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாய். அந்த ஊர்க்காரர்கள் என்ன பெருமைப்பட்டார்கள்! ரோடு நெடுக பேனர். கேட்டுக்கு எதிரில் நேற்று முளைத்த டீக்கடை, அதற்கும் டெர்மினல் டீ ஸ்டால் என்று பெயர். மேடையில் ஒருத்தர் இந்த ஊருக்கு இனி துறைமுகமே வந்த மாதிரி என்றார். கடலே இல்லாத ஊரில் துறைமுகமா என்று உன் அப்பா என் விலாவில் இடித்தார். முதல் சரக்கு ரயிலுக்கு மாலை போட்டு, கொடியசைத்து அனுப்பினார்கள். எல்லோரும் கை தட்டிவிட்டு, பந்தலில் பிரியாணி ஆறிவிடும் என்று நடையைக் கட்டினார்கள். நான் மட்டும் நின்றேன். உனக்குத்தான் தெரியுமே நம் வீட்டுப் பழக்கம். போகிற கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் முதுகைக் காட்ட மாட்டோம். ஜெட்டியில் மழை கொட்டினாலும் நிற்போம். அந்த ரயிலோ கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது. அந்த ஊர் ஒரே சமவெளி. மறைய மலையும் இல்லை, மரமும் இல்லை. கடைசிப் பெட்டி அப்படியே தெரிகிறது. உன் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், அது ட்ரெயினுடி, கப்பல் இல்ல. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிக்கும். பிரியாணி காலியாயிடும், வா." நீங்கள் போங்கள், இதோ வருகிறேன் என்றேன். வேலி ஓரத்தில் தனியாக நின்றேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் இல்லாவிட்டால் நானும் உள்ளே போய் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன். எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

விழா முடிந்த கையோடு அடுத்த ரயிலுக்குப் பெட்டி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மேலே நீ. வேலிக்குப் பக்கமாகவே உன் கிரேன் வந்து நின்றது. கேபின் கண்ணாடியில் உன்னைப் பார்த்ததும் கையை ஆட்டினேன். நீ பார்க்கவில்லை. வேலை செய்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கையை இறக்கிக்கொண்டேன். கீழே ரயில்பெட்டி ஓரமாக ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருத்தர் நின்று உனக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், "வெய்யில்ல நிக்கறீங்களேங்க" என்று எனக்கு ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். பெயர் ராசப்பன் என்றார். நான் உன் அம்மா என்று தெரிந்ததும், "அண்ணன் பூப்போலத் தூக்குவாருங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேர்ந்து நின்று போட்டோ கூட எடுத்து எனக்கு அனுப்பினார். நீ வீடு மாதிரி இருந்த ஒரு பெட்டியைத் தூக்கினாய். அது அவர் தலைக்கு மேலே வந்தது. அவர் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பெட்டி இறங்கவில்லை. லேசாக ஆடிக்கொண்டு தொங்கியது. ராசப்பன் கையைத் தாழ்த்தினார். காத்திருந்தார். நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். உன் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, தம்பி. ஒரு கை நெஞ்சில் சட்டையைத் திருகிக்கொண்டிருந்தது. ஐயோ! கத்தினால் உனக்குக் கேட்காது, கேட்டாலும் நீ அங்கே இல்லை. ஓடிப் போய் அந்த மனிதரை இழுக்கலாம் என்றால் நடுவில் வேலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. பிறகு உன் தலை நிமிர்ந்தது. ராசப்பன் மறுபடி கையை உயர்த்தி, அப்போதுதான் முதல் தடவை காட்டுவது போல, இறக்கச் சொல்லிக் காட்டினார். நீ இறக்கினாய். பூப்போல இறக்கினாய்.

அன்று சாயங்காலம் உன் அறையில் நான் கேட்டதும் நீ குதித்தாய். "கீழ பெட்டியைப் பிடிக்கிற லாக் சரியா உக்காரலம்மா, அதுக்கு வெயிட் பண்ணேன். அர்ரே, கிரேன்ல வெயிட் பண்றதே பாதி வேலை, உனக்கு என்ன தெரியும்?" என்றாய். "டேய், உன் மூஞ்சியை எனக்குத் தெரியாதா? ஃபெர்ரியில் நின்ன மாதிரியே நின்னடா" என்றேன். "பஸ் மா. போதும். வெய்யில்ல நின்னு உனக்குத்தான் தலை சுத்தியிருக்கு" என்றாய். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைக் கொல்கிறது. உனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அன்றைக்கு ஐஸை யார் தின்றார்கள் என்று கேட்ட மாதிரிதான் இதுவும். டாக்டரிடம் போ என்று கெஞ்சினேன். போகிறேன் என்றாய். ஊருக்கு வந்து போன் செய்யும் போதெல்லாம், "ஷிப்டு மாறட்டும்மா", "இந்த வாரம் ரெண்டு ரயில் கூடுதல்மா" என்றாய். குரலிலேயே தூக்கம் வழிந்தது.

உன் அப்பா என்னைத் தடுத்தார். அவரைத் தப்பாக நினைக்காதே. டவுன் பஸ் ஓட்டிய மனிதர். கண் மங்கியதை அவருடைய கண்டக்டர்தான் டிப்போவில் சொன்னார், லம்பா லைன் பக்கம் குடியிருக்கிறாரே, அவர். ஒரு சாயங்காலம் எதிரில் வந்த ஸ்கூட்டரை அப்பா பார்க்கவில்லையாம். டெஸ்ட் எடுத்து, ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி ஆபீசில் உட்கார வைத்தார்கள். நீ அப்போது மேல்படிப்பில் இருந்தாய், பாதிதான் உனக்குத் தெரியும். காலையில் எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். ஸ்டாப்பில் பஸ் போகிற சத்தம் கேட்டால் உள்ளே வந்து டிவியைச் சத்தமாக வைப்பார். அந்தக் கண்டக்டர் தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தபோது அப்பா எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். அதனால்தான், "வண்டியிலேர்ந்து ஒரு ஆம்பளையை இறக்குறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதுடி. வாயை மூடிட்டு இரு. அவனே பாத்துக்குவான்" என்றார். அவர் சொன்னது எல்லாம் உண்மை. கண்டக்டர் செய்ததும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து உன் மேனேஜருக்குப் போன் செய்தேன். விழாவில் எவ்வளவு அன்பாகப் பேசினார், எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அம்மா என்று நம்பர் கொடுத்தவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா, அவருக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் இருக்கு. டெஸ்ட் எல்லாம் கிளியர். என்கிட்ட இருக்கிறதுலயே பெஸ்ட் ஆபரேட்டர். அடுத்த செக்கப் வரும்போது கண்டிப்பா பாக்கலாம். நீங்க கவலைப்படாதீங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும், தம்பி. அது என் குரல். கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பாதி வாழ்க்கையை ஓட்டியவள் நான். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "மேடம், ஏக் டிக்கெட், மேரி பீவி மர் ஜாயேகி" என்று, பெண்டாட்டி செத்துவிடுவாள் என்று அழுதவர்களிடம் அதே மரியாதையோடு, அதே இதமான குரலில் கையை விரித்திருக்கிறேன். கப்பல் நிறைந்துவிட்டது, நான் என்ன செய்ய? அவர்கள் அதற்குப் பிறகும் நகராமல் நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள், சொல்லியாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு மேனேஜர் போனை வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அவர் அதை உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நீ கூப்பிட்டாய். "நீ என் அம்மாவா? கேன்டீன்ல எல்லாரும் 'அம்மா பர்மிஷன் வாங்கிட்டியா'ன்னு கேக்குறாங்க. ஜெட்டியில நாயா அலைஞ்சப்ப எங்க போச்சு இந்த அக்கறை? இப்பத்தான் ஒரு இடத்துல உக்காந்தேன். அதுவும் உனக்குப் பொறுக்கல" என்றாய். பேசு, இன்னும் பேசு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசுகிறவரைக்கும் நீ கீழே இருக்கிறாய் அல்லவா. அப்புறம் வைத்தாய். அதோடு சரி.

நேரில் வரலாம் என்று பார்த்தேன். வந்து? கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார். உள்ளே விட்டால்தான் என்ன, ஏணியில் ஏறுகிற உன் காலைப் பிடித்து இழுப்பேனா? முழு ஆம்பளை நீ. போலீசில் சொல்வேனா, என்ன கேஸ் என்று கேட்டால்? எனக்கு ஒன்றும் வழி தெரியவில்லை. கடைசியில் ராசப்பன் நினைவு வந்தது. போட்டோ அனுப்பிய நம்பர் போனில் இருந்தது. உன்னைக் காப்பாற்ற முடியாவிட்டால் அந்த மனிதரையாவது நகர்ந்து நிற்கச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். உனக்குத் தெரியாது என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அது இதுதான். நிதானமாகப் படி.

ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன், பையனுக்குச் சின்ன வயதில் ஒரு கோளாறு இருந்தது என்று. அவர் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியுமுங்கம்மா" என்றார். "நாலஞ்சு தடவை பாத்துட்டனுங்க. அண்ணன் அப்படியே நின்னு போயிருவாருங்க. நானும் நின்னுக்குவனுங்க. வேற ஆரும் கிட்ட வராமப் பாத்துக்குவேன். தலை நிமிந்ததுங்க, திரும்பக் கையைக் காட்டுவேன், புதுசாக் காட்டற மாதிரி. அவரு பாட்டுக்கு எறக்கிருவாரு. அவருக்கே தெரியாதுங்க."

"ஏன்யா அவன்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவாருங்களே. எம்பட புள்ளைக்குக் காய்ச்சல்னப்ப அவரு தாங்க வண்டியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆபீசுலயும் சொல்ல முடியாதுங்க, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு என்னையத்தான் மொதல்ல அனுப்புவாங்க. நான் காண்ட்ராக்ட் ஆளுங்க. நீங்க கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறனுங்க."

"தள்ளியாவது நில்லுங்கய்யா" என்றேன்.

"தள்ளி நின்னா மேலேர்ந்து அவரு கண்ணுக்கு என்னையத் தெரியாதுங்களே" என்றார்.

புரிகிறதா உனக்கு? ஒவ்வொரு தடவையும் உனக்குக் காணாமல்போகிற நேரத்தை அந்த மனிதர் தன் தலைக்கு மேல் வாங்கிக்கொண்டு, அது இல்லாத மாதிரி மூடி உன்னிடம் திருப்பிக் கொடுக்கிறார். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. லாக் உட்காரவில்லை என்று நீ நம்பியது அதனால்தான். நான் செய்ததாக நீ சொன்ன கெடுதலை விட, அவர் செய்கிற நன்மைதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஒரு நாள் உன் கை நின்றுபோகாமல், எதையாவது பிடித்து இழுத்துவிட்டால்? கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "லம்பா லைனுக்கு" என்றார். அந்தக் கண்டக்டர் வீட்டில் என்ன பேசினார் என்று வந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இரவு சாப்பிடும்போது, "எழுது. அவனுக்கு எழுது" என்றார். அதற்குப் பிறகுதான் பஜாருக்குப் போய்த் தாள் வாங்கினேன்.

இதையும் மேனேஜரிடம் சொல்லலாம். சொன்னால் நம்புவார். ஆனால் ராசப்பனுக்கு வேலை போகும், அந்த இடத்தில் நாளைக்கு வேறு ஒருத்தர் வந்து நிற்பார், அவருக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதும் அம்மாக்கள் நன்றாகச் சாப்பிடு, காசைச் சேர்த்து வை என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அதெல்லாம் வரவில்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் இது அடங்கிவிடும், அந்த டாக்டர் அப்போதே சொன்னார். தரையில் நின்று செய்கிற வேலை அங்கேயே எத்தனையோ இருக்கும். இல்லாவிட்டால் இங்கே வா, நீ சும்மா இருந்தால் சோறு போட மாட்டேனா? இப்படியெல்லாம் சொல்லத் தோன்றுகிறது, சொல்கிறேன். ஆனால் உன்னை அந்தக் கேபினிலிருந்து இறக்க என்னால் முடியாது. உன் அப்பாவால் முடியாது. உன் மேனேஜர் இறக்க மாட்டார். ராசப்பன் இறக்கவே மாட்டார், உன் மேல் அவ்வளவு பிரியம்.

அதனால் நான் சொல்வதை நீ நம்ப வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய். நாளைக்குக் காலையில் ஏணியில் கால் வைக்கும் முன்னால் அவர் பக்கத்தில் போ. "அண்ணே, இதுவரைக்கும் எனக்கு எத்தனை தடவை ரெண்டாவது முறை கையைக் காட்டினீங்க?" என்று கேள். அவர் அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார், உன் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். அதைப் பார்த்த பிறகும் ஏற முடிந்தால், ஏறு.

அம்மா